மீதிப் பத்து சதவீதம்

குமாரபாளையத்தில், காவிரிப் பாலத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், விசைத்தறிக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி எதிரெதிரே இரு வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில், இந்தச் செய்தியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கிழக்கு வரிசையில் கேட்டால் கதை குடிநீர்க் குழாயில் தொடங்கும். மேற்கு வரிசையில் கேட்டால் ராக்கியண்ணனின் விரல்களில் தொடங்கும். எதில் தொடங்கினாலும் இரண்டு பாடங்களும் வந்து கூடும் இடம் ஒன்றுதான்: செல்வாம்பாளின் மகள் கோகிலவாணிக்கு, உலகத்திலேயே பெரியதென்று சொல்லப்படும் கணினி நிறுவனங்களுள் ஒன்றிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, அங்கே சொல்வதற்கு அவளிடம் ஒரு கதைகூட இல்லை.

கணக்கும் நிரலும் அவளுக்குத் தடையாக இருக்கவில்லை. ஈரோட்டில் மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளைப் பழுதுபார்க்கும் சிறிய அலுவலகமொன்றில் அவள் வேலை பார்த்தாள். எந்தப் புதிரைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுவிடுவாள். அவளுடன் கல்லூரியில் படித்து, இப்போது பெங்களூரில் இதேபோன்ற நிறுவனமொன்றில் இருக்கும் ஷாகிரா, மாலைதோறும் தொலைபேசியில் கூப்பிட்டு நேர்காணல் செய்பவரைப் போலக் கேள்வி கேட்டுப் பழக்கினாள். தறிச் சத்தத்துக்கு ஒதுங்கி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றபடி கோகிலவாணி பதில் சொல்லிப் பழகினாள்.

“கோடிங்கெல்லாம் நீ தாண்டிருவ. அடுத்த ரவுண்டுதான்டி ஆளைக் கவுக்கும். உன் வாழ்க்கையில நடந்ததைக் கேப்பாங்க.”

“என் வாழ்க்கையில என்னடி நடந்துச்சு? பஸ்ல ஈரோடு போனேன், பஸ்ல திரும்பி வந்தேன்.”

“ஒரு சண்டையைத் தீர்த்து வச்சது? மேல இருக்கறவங்ககிட்ட வாதாடி ஜெயிச்சது?”

“ஆபீஸ்ல ஃபேன் மாட்டச் சொல்லி வாதாடியிருக்கேன். மாட்டலை.”

“அப்போ செஞ்சதா வச்சுக்கோ. எல்லாரும் அதான் பண்றாங்க. நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்ச, விளைவு என்ன, அவ்ளோதான். விளைவை மட்டும் சதவீதத்துல சொல்லு. நூறுன்னு சொல்லிராத, நம்ப மாட்டாங்க. தொண்ணூறுன்னு சொல்லு.”

அன்று மாலை கோகிலவாணி சொன்ன முதல் கதை, கீழே தெரிந்த குழாயைப் பற்றியது. இரண்டு வரிசைக்கும் ஒரே குழாய். விடிந்தால் அங்கே குடம் உருளாத நாள் கிடையாது. அதற்குத் தான் ஒரு வழி கண்டதாகவும், சாயப்பட்டறையில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் வளையங்களை வீட்டுக்கொரு நிறமாகப் பிரித்து, குழாய்க்குப் பின்னால் பலகையில் அடித்த ஆணிகளில் வரிசையாக மாட்டியதாகவும், தண்ணீர் பிடித்தவர் தம் வளையத்தை எடுத்துக் கடைசி ஆணிக்கு மாற்ற வேண்டுமென்று ஏற்பாடு செய்ததாகவும், அதனால் இரண்டு வருடமாகச் சண்டை தொண்ணூறு சதவீதம் குறைந்துவிட்டதாகவும் ஆங்கிலத்தில், தடுமாறாமல், முகத்தில் ஒரு சிறு புன்னகையுடன் சொல்லி முடித்தாள்.

சாயத்தொட்டியில் முக்கி வைத்த நூல் விடிந்த பிறகே தன் நிறத்தைக் காட்டுவதுபோல, அவள் சொன்னது ஒரு இரவு ஊறி, மறுநாள் காலையில் நடந்ததாகிவிட்டிருந்தது. குழாய்க்குப் பின்னால் பலகை இருந்தது. வெயிலில் வெளுத்த வளையங்கள் ஆணிகளில் தொங்கின. செல்வாம்பாளுக்கு அடுத்த வீட்டுக்காரியும், அவளோடு குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் சாப்பிட்டறியாதவளுமான பாவாயி, தண்ணீர் பிடித்து முடித்து, தன் மஞ்சள் வளையத்தைக் கடைசி ஆணியில் மாட்டிய பிறகுதான் தன் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, நேத்துதானே நீ என்ற கொடத்தை நசுக்குனே?” என்று அடுத்து நின்றவளைக் கேட்டாள்.

“ஆமாக்கா. ஆனா ரெண்டு வருசமா நமக்குள்ள சண்டையே இல்லியே.”

“அதும் ஆமாத்தான்.”

“கொடம் எப்படி இருக்குது?”

“நசுங்கித்தான் கெடக்குது.”

“செரி, நவுருங்க. தண்ணி நின்னுரப் போவுது.”

இதற்கு மேல் அந்த லைனில் யாரும் வியந்ததாக எந்தப் பாடத்திலும் இல்லை. ஆளுக்கு இரண்டு நேற்றுகள் இருந்தன. ஒன்றில் சண்டை போட்டிருந்தார்கள், மற்றொன்றில் போடவில்லை. இரண்டும் தெளிவாக நினைவில் இருந்தன. சில நாட்களிலேயே அவற்றுக்குப் பழைய நேத்து, புது நேத்து என்று பெயரும் விழுந்துவிட்டது. யாராவது பழைய வருத்தமொன்றைக் கிளப்பினால், “எந்த நேத்துல?” என்று எதிர்க்கேள்வி போட்டு வாயை அடைப்பது வழக்கமாயிற்று.

இரண்டாவது கதையை, நடந்ததை அறியாமலே அவள் சொன்னாள் என்று கிழக்கு வரிசையினரும், அறிந்துதான் சொன்னாள் என்று மேற்கு வரிசையினரும் சொல்கிறார்கள். தறிக்கூடத்து முதலாளியிடம் போய், மோட்டார் பெல்ட்டுகளைச் சுற்றிக் கம்பிவலைத் தடுப்பு போட வேண்டும் என்று வாதாடியதாகவும், அவர் முதலில் விரட்டியதாகவும், பிறகு தலையாட்டியதாகவும், அதனால் கூடத்தில் ஒருவருக்கும் அடிபடவில்லை என்றும் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் பெல்ட்டில் சிக்கி வலக்கையில் இரண்டு விரல்களை இழந்து, தறியை விட்டு, கூடத்து வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்த ராக்கியண்ணன், மறுநாள் காலையில் பல் துலக்கும்போது அந்த இரண்டு விரல்களையும் கண்டார்.

அவர் சத்தம் போடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, மனைவியிடம் காட்டினார். “வந்துருச்சுங்களா?” என்றாள் அவள். “வந்துருச்சு” என்றார். தறியோட்டிய மூன்று வருடமும், வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று வருடமும் அவருக்குள் ஒன்றாகவே இருந்தன. கைதான் குழம்பிற்று. சோற்றைப் பழையபடி மூன்று விரலாலேயே அள்ளினார். வந்த இரண்டும், விருந்துக்கு வந்த இடத்தில் எங்கே உட்காருவதென்று தெரியாத ஒறம்பரைபோல, தட்டுக்கு வெளியே விறைத்து நின்றன. முதலாளியோ, அந்தப் பெண் தன் அலுவலகப் பக்கம் வந்ததேயில்லை என்பதையும், அவள் வந்து கேட்டுத் தான் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டதையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாவதை மட்டும் எல்லோரிடமும் சொன்னார்.

செய்தி பரவியதும் மொட்டைமாடிப் படியில் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். ஒருவருக்கு மகன் கல்யாணம் முடிந்திருக்க வேண்டும். ஒருவருக்குப் போன வருட மழை பெய்திருக்க வேண்டும். கோகிலவாணி ஷாகிராவிடம் கேட்டாள். “எந்தக் கம்பெனியிலடி மழையைப் பத்திக் கேப்பாங்க?” என்றாள் அவள். நேர்காணலில் கேட்காத கேள்விக்குக் கோகிலவாணி சொன்ன பதில் எதுவும் ஊறவில்லை. வெறும் பேச்சாகவே காய்ந்துபோயிற்று. வந்தவர்கள் வருத்தமில்லாமல் இறங்கிப்போனார்கள்.

இப்படியிருக்கையில்தான், யாரும் எதிர்பாராத ஒரு காலையில், குழாயடியில் செல்வாம்பாளும் பாவாயியும் சண்டை போட்டார்கள்.

இருவருக்கும் கோபம் இல்லை. வளையங்கள் ஒழுங்காகத்தான் தொங்கின. பேசிக்கொண்டிருந்த வாய்கள் பேசிக்கொண்டிருந்தபடியே திரும்பின. “உன்ற வாய்க்குப் பயந்துதான் உன்ற புருசன் திருப்பூருக்கு ஓடிப்போனான்” என்றாள் செல்வாம்பாள். “மவளை மாடியில நிக்கவெச்சு ஊரை ஆட்டிவெக்கிறவ நீ, எம்புருசனைப் பத்திப் பேசறியா?” என்றாள் பாவாயி. சொன்ன பிறகு இருவரும், தங்கள் வாயிலிருந்து விழுந்தவற்றைத் தரையில் தேடுகிறவர்களைப்போல் குனிந்து நின்றார்கள். பிறகு இரண்டு கதவுகளும் சாத்திக்கொண்டன. குழம்புக் கிண்ணம் அன்றோடு நின்றது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ராக்கியண்ணன்தான். “அம்மிணி தொண்ணூறுன்னுதானே சொல்லிச்சு? மீதி பத்து எங்க போவும்? அது நம்முளுதுதான்.”

தினமும் நடந்த சண்டையில் பத்தில் ஒன்று தங்கிவிட்டிருந்தது. கோகிலவாணி பதறி, அன்று மாலையே அதே கதையை நூறு சதவீதம் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். ஒருமுறை சாயமேறிய நூலில் வேறு சாயம் ஏறவில்லை. கதையின் மேல் கதையைச் சேர்க்கலாம். சொன்னதை அழிக்க முடியாது என்று அப்போது தெரிந்தது.

ஆனால் அந்த லைன் கைகட்டி நிற்கவில்லை. வந்து விழுகிற சண்டைக்கு முன்னால் நாமே போய் நின்றுவிடலாம் என்று பெண்கள் கூடி முடிவெடுத்து, முறை வைத்துக்கொண்டார்கள். முறை வருகிற இரண்டு வீட்டாரும் முந்தின நாளே எதைப் பற்றிச் சண்டை என்று பேசி வைத்துக்கொள்வார்கள். புருசன், பிள்ளை, சாவு மூன்றையும் தொடக் கூடாது. “இன்னிக்குப் பத்து யாருது?” என்று கேட்டுக்கொண்டே மற்றவர்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நாளடைவில் அதில் ஒரு நயம் வந்தது. நல்ல வசவு விழுந்தால் மேற்கு வரிசையிலிருந்து ஆண்களும் எட்டிப் பார்த்தார்கள். பாவாயியையும் செல்வாம்பாளையும் மட்டும் ஒரு முறையிலும் எதிரெதிரே நிறுத்தவில்லை. அவர்கள் வேறு வேறு ஆட்களோடு, மனசில்லாமல், தங்கள் பங்கை முடித்துக்கொண்டார்கள்.

நேர்காணல் நெருங்கியது. ஷாகிரா கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

“தோத்த கதை ஒண்ணு கண்டிப்பாக் கேப்பாங்க. நான் ரொம்ப உழைப்பேன், அதான் என் குறைன்னு வழியாத. அதெல்லாம் கேட்டுக் கேட்டு அவங்களுக்குச் சலிச்சுப்போச்சு. யாருக்காவது நெசமா அடிபட்டிருக்கணும். அதுக்கு நீ காரணமா இருக்கணும்.”

“உண்மையில தோத்ததைச் சொல்றேனே.”

“என்ன, அந்த ஃபேனா?”

கோகிலவாணி கீழே பார்த்தாள். அவள் எதைச் சொன்னாலும் விடியும்போது அது யாரோ ஒருவர் வீட்டில் நடந்து முடிந்திருக்கும். சொல்லாவிட்டால் வேலை இல்லை. ஈரோட்டுப் பேருந்தும் காற்றில்லாத அறையும்தான். அன்றிரவு அவள் சாப்பிடாததைக் கண்டு செல்வாம்பாள் துருவித் துருவிக் கேட்டு அறிந்தாள். மறுநாள் காலையில் குழாயடி முழுவதற்கும் அது தெரிந்தது.

வளையப் பலகைக்கு முன்னால் கூட்டம் கூடியது. இத்தனை நாள் நல்லதை வாங்கிக்கொண்டவர்கள், கெட்டதில் ஒரு பங்கைக் கொடுக்காமல் இருப்பது முறையல்ல என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது.

“எங்கூட்டு டி.வி. போச்சுன்னு சொல்லிரு அம்மிணி.”

“அது போயி ஒரு வருசமாச்சே.”

“அதுனாலதானே குடுக்கறேன்.”

“எங்க மாமியாளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு சொல்லு. பெருசா வேண்டாம், பேச்சு மட்டும் ஒரு மாசத்துக்கு.”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து ராக்கியண்ணன் தன் வலக்கையை நீட்டினார். “தடுப்பு போட்டாங்க, மறுவருசம் அது கழண்டுச்சு, அம்மிணி போய்ப் பாக்காம உட்டுருச்சு, ஒருத்தனுக்கு ரெண்டு விரல் போச்சு. இப்படிச் சொல்லிரு கண்ணு.”

“அண்ணா, வேண்டாங்ணா” என்றாள் கோகிலவாணி.

“கேளு. இது இல்லாம நான் மூணு வருசம் இருந்து பாத்தாச்சு. போனா எனக்குப் பழகுன வலி. வேற ஒருத்தருக்குப் புதுசாக் குடுத்தீன்னா, அவீங்க மொதல்லயிருந்து பழகோணும்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கூட்டம் கலைந்தது. விரல்கள் இரண்டும் அவர் கையில் இருந்தபடியே, எல்லோருக்கும் பொதுவானவையாகிவிட்டன. அடுத்து வந்த நாட்களில் பெண்கள் அவற்றைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள்.

நேர்காணல் நடந்தது முதலாளியின் அலுவலக அறையில். அந்தச் சந்தில் இணையம் அறுபடாமல் வருவது அங்கே மட்டும்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் தறிகளை நிறுத்தச் சொன்னார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்த குழந்தைகள், திடீரென்று வந்த அமைதியில் பயந்து அழ, தாய்மார் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள். திரையில், கழுத்தோடு வெட்டிய நரைமுடியும் அமைதியான குரலுமாக ஒரு பெண்மணி தோன்றினார். சண்டையைத் தீர்த்ததைக் கேட்டார். கோகிலவாணி குழாயைச் சொன்னாள். மேலிருப்பவருடன் முரண்பட்டதைக் கேட்டார், தறிக்கூடத்தைச் சொன்னாள். பொய் சொல்லப் பழகிக்கொண்டு வந்தவளுக்கு, வழியில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டிருந்ததால், சொல்லுவதற்கு உண்மையைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

“சரி. நீங்கள் தோற்றுப்போன ஒன்றைச் சொல்லுங்கள். அதனால் யாருக்குப் பாதிப்பு ஏற்பட்டது?”

ஜன்னலுக்கு வெளியே, வாசல் நாற்காலியில், ராக்கியண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் பார்த்துவிடக் கூடாதென்று வலக்கையை மடியில் மறைத்திருந்தார். அவருக்கு அப்பால் குழாயடியில் பாவாயி குடத்தை வைத்தாள். எதிரே வந்த செல்வாம்பாள் அதைக் கண்டு, வாளியோடு திரும்பி வீட்டுக்குள் போனாள். கோகிலவாணி இதைப் பல நாளாகப் பார்த்திருக்கிறாள். ஊரே பத்தைச் சுற்றி உட்கார்ந்து சிரித்ததால், அதற்கு வேறொரு பெயர் இருக்கக்கூடும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

“முதலில் சொன்னேனே, சண்டையைத் தொண்ணூறு சதவீதம் குறைத்தேன் என்று, அதுதான் என் தோல்வி” என்றாள்.

பெண்மணி நிமிர்ந்தார்.

“அந்த எண் கேட்க நன்றாக இருந்தது, அதனால் சொன்னேன். மீதிப் பத்து யார் தலையில் விழும் என்று நான் யோசிக்கவில்லை. சண்டையே போட்டுக்கொள்ளாத இரண்டு பேர் மேல் விழுந்தது. ஒருவர் என் அம்மா. இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்யும் முன் அங்கே தண்ணீர் பிடிப்பவர்களில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை.”

“தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?”

உண்மையில் அவள் ஒன்றும் செய்திருக்கவில்லை. அந்த நேர்காணலில் அவள் சொன்ன ஒரே பொய் இந்த இடத்தில்தான் வருகிறது. இதில் இரண்டு வரிசையின் பாடங்களும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகின்றன.

“கேட்டேன். வீடு வீடாகப் போனேன். நான் செய்ததெல்லாம் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன்.”

“விளைவு?”

ஒரு சதவீதம் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். “அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்” என்றாள்.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியபோது அவள் வெளியே வந்தாள். ராக்கியண்ணன் எழுந்து நின்றார். “சொல்லிட்டியா கண்ணு?” “உங்க விரலைச் சொல்லலீங்ணா.” அவர் நம்பவில்லை. தன்னை வருத்த வேண்டாமென்று சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். அன்றிரவு வலக்கையைத் துண்டில் சுற்றி, ஊருக்குப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி அதன் மேல் இடக்கையை வைத்துக்கொண்டு படுத்தார்.

விடிந்து துண்டைப் பிரித்தால் விரல்கள் இருந்தன. கூடவே ஒரு மாலை நேரமும் நினைவில் இருந்தது: தூறலில் தலைக்குத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு செல்வாம்பாள் மகள் வாசலில் நிற்கிறாள், “இந்த விரல் உங்களுக்கு வேணுங்களாண்ணா, உங்களைக் கேக்காமயே வரவெச்சுட்டேன்” என்கிறாள், அவர் கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும் கண்ணு, பழகிக்கறேன்” என்கிறார். அன்று காலைச் சோற்றை அவர் ஐந்து விரலாலும் அள்ளினார்.

அந்தத் தூறல் மாலை எல்லா வீட்டிலும் நினைவுக்கு வந்திருந்தது. ஒவ்வொருவரும் தாம் சொன்ன பதிலை நினைவுகூர்ந்தார்கள். பத்தே வேண்டாம் என்று சொல்லியிருந்த இரண்டு வீட்டின் பெயர்கள் முறையிலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள், “இருந்துட்டுப் போவட்டும், வாயத் தொறக்காம இருந்தா வவுறு உப்பிப்போயிரும்” என்று சொல்லியிருந்தார்கள். முதலாளியும் கேட்கப்பட்டிருந்தார், அவர் மட்டும் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். செல்வாம்பாளும் பாவாயியும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: சண்டை போட்டே ஆவோணும்னா எனக்கு அவளோடதான் போடோணும்.

வேலை கிடைத்தது என்பதில் பாடங்கள் ஒத்துப்போகின்றன. எந்த ஊரில் என்பதில் வேறுபடுகின்றன. அவள் பையோடு கிளம்பிய காலை, பத்து விழுகிற காலையாக அமைந்தது. முறை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பாவாயி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். செல்வாம்பாள் எதிரே வந்து நின்றாள். வாளிகள் கவிழ்ந்தன.

“பெத்த மவ போறா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்ல. நீயெல்லாம் ஒரு அம்மாளா?”

“அழுதா நீ பாத்துச் சிரிப்பே. அதுக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன்.”

“நான் சிரிச்சா உனக்கென்னடி? உன்ற ஊட்டுச் சிரிப்பையா எடுத்துச் சிரிக்கறேன்?”

“எம்மவளுக்கு ஊறுகா போட்டுக் குடுத்தியே, உப்பு இருந்துச்சா அதுல?”

“நாலு மாசமா உன்ற கொழம்பைத் திங்காம எனக்கு உப்பே மறந்துபோச்சு. அது யாரோட தப்பு?”

“என்ற தப்புத்தான். வெச்சுக்க.”

“நீ என்னடி குடுக்கறது? பாதி என்னுது.”

இருவர் குரலும் உடைந்தது; உடைந்த குரலோடு இன்னும் உரக்கச் சண்டை போட்டார்கள். கோகிலவாணி தன் வீட்டு ஊதா வளையத்தைக் கடைசி ஆணிக்கு மாற்றிவிட்டு, பையைக் கீழே வைத்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சாலையில் பேருந்து ஒலிப்பான் அடித்தது. அது அவளுக்காக நின்றது என்று கிழக்கு வரிசையிலும், நிற்காமல் போய்விட்டதால் அடுத்ததில் போனாள் என்று மேற்கு வரிசையிலும் சொல்கிறார்கள். அந்தச் சண்டையை யாரும் விலக்கவில்லை என்பதில் மட்டும் வேறுபாடே கிடையாது.